அத்தானின் ஏற்புரை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம் என்ற அளவில் சுகம். என் மூட்டுவலி மட்டும் என்னைவிடச் சுறுசுறுப்பாக இருக்கிறது. உன் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? அத்தான் எப்படி? போன் செய்துபார்த்தேன், உங்கள் பக்கம் மணியே அடிக்கவில்லை. அதனால் பழையபடி தபாலுக்கே வந்துவிட்டேன்.

விஷயம் இதுதான். எங்கள் சங்கத்தில் விருதுக் காலம் தொடங்கிவிட்டது. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். விருது கொடுத்துப்பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். மொழிக்கு ஒன்று, வரலாற்றுக்கு ஒன்று, கணிதத்துக்கு ஒன்று, மண்ணுக்கும் நீருக்கும் சேர்த்து ஒன்று. கிடைத்தவர் "இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?" என்கிறார். கிடைக்காதவர் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறார். நடுவில் பரிந்துரைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு மாடி ஏறுகிறவன் துணைச் செயலாளராகிய நான். சலித்துவிட்டது அக்கா. ஆனால் இந்த முறை ஒரு கட்டைச் சுமக்கும்போது மட்டும் படி தெரியவில்லை.

அத்தானின் பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, மண்-நீர்ப் பதக்கத்துக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். "ஊற்று வாத்தியாருக்கு இதுவரை எதுவும் செய்யவில்லை" என்று உரிமையோடு எழுதியிருக்கிறார்கள். நான் உறவுக்காரன் என்பதைத் தலைவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். எனக்கு ஓட்டு இல்லை, கருத்தும் இல்லை. தபால்காரன் வேலை மட்டும்தான்.

இத்துடன் உள்ள சம்மதக் கடிதத்தில் அத்தான் கையெழுத்திட வேண்டும். தன் ஆய்வுகளில் தனக்குப் பிடித்த ஐந்தைக் குறிப்பிட வேண்டும். மாத முடிவுக்குள் வந்தால் நல்லது.

அத்தானிடம் என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு மாத்திரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், பரவாயில்லை. மூட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா, அல்லது சொல்லிக்காட்டுவதோடு சரியா?

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தால் ஒன்றும் நினைக்காதே, அவருக்குக் கை நடுங்குகிறது. ஐந்து ஆய்வுகளை நானே எழுதியிருக்கிறேன். எது வேண்டும் என்று கேட்டேன், "உனக்குப் பிடிச்சதை எழுது" என்றார்.

போன் பழுது. சரிசெய்யச் சொல்ல வேண்டும்.

அவர் தூங்குகிறார். எழுந்ததும் நீ விசாரித்ததாகச் சொல்கிறேன். வேறு விசேஷம் இல்லை. குழந்தைகளுக்கு என் அன்பு.

அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. அலுவலக மின்விசிறி சுற்றுகிறது, காற்றுத்தான் வருவதில்லை. நம் சங்கத்தின் முழு வரலாறும் அதுதான்.

முதல் சுற்றில் அத்தான் பெயர் தேறிவிட்டது. இரண்டாம் சுற்றில்தான் 'ஆனால் ஐயா' இருக்கிறார். நடுவர் குழுவில் மூத்தவர். எதைச் சொன்னாலும் "ஆனால்" என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு நாள் காலை வணக்கம் சொன்னேன், "ஆனால் மணி பன்னிரண்டு ஆயிடுச்சே" என்றார். உண்மையில் ஆகியிருந்தது.

அவர் அத்தானின் கட்டுரைகளை வரி விடாமல் படித்துவிட்டு ஒரு கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். மழையாகப் பெய்து மண்ணுக்குள் இறங்கும் நீர் கிணற்றுக்கு வந்துசேர எத்தனை காலம் ஆகிறது என்பதை, அந்த நீரிலேயே இருக்கும் அடையாளங்களைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று அத்தான் காட்டினார் அல்லவா? அந்தக் கட்டுரையில் அவர் இரண்டு கிணறுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஏன் சேர்க்கவில்லை என்று எங்கும் சொல்லவில்லை. அதுதான் கேள்வி. ஆசிரியரே தம் சொற்களில் பதில் எழுத வேண்டுமாம்.

குறைகாண்கிற கேள்வியாகத் தோன்றலாம். இருந்தாலும் அந்த மனிதர் படிக்காமல் பேசுகிறவர் இல்லை. அத்தான் இரண்டு வரி எழுதினால்கூடப் போதும். போன் சரியாகிவிட்டதா?

அன்புடன்,
தம்பி


ஏப்ரல் 21

அன்புள்ள தம்பிக்கு,

தாமதத்துக்குக் கோபிக்காதே. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேலைதான். பகலில் வெளிக்கதவைப் பூட்டிவைக்க வேண்டியிருக்கிறது, சாவிக்கென்று ஓர் இடம் பார்க்க வேண்டியிருக்கிறது, இப்படியே பொழுது போய்விடுகிறது.

உன் ஆனால் ஐயாவுக்குப் பதில் தனித்தாளில் இருக்கிறது. சுருக்கம் இதுதான். முதல் கிணறு வாய்க்காலை ஒட்டியது. புது நீர் கலந்துவிடுவதால் வயது தவறாக வரும். அதனால் விட்டோம். அதற்கான கணக்கை முழுவதும் போட்டு அனுப்பியிருக்கிறேன், பழைய தாள்கள் இருந்தன.

இரண்டாவது கிணற்றுக்கு என்னிடம் காரணம் இல்லை. அவர் அதன் விளிம்பில் வெகுநேரம் நின்றார். ஒரு கை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "இதை விட்டுடலாம்" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று அன்றைக்குக் கேட்டிருக்கலாம். சாயங்கால வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் கேட்கவில்லை. காரணம் தெரியவில்லை என்றே எழுதிவிட்டேன். இட்டுக்கட்டி எழுதுவதற்கு இது என்ன கல்யாணத் தரகா?

இதனால் பெயர் போய்விட்டால் போகட்டும்.

உன் பெரியவனுக்கு வேலை கிடைத்ததா? எழுது.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்துவிட்டது! இந்த ஆண்டின் மண்-நீர்ப் பதக்கம் அத்தானுக்கு!

நடுவர் குழு நேற்றுக் கூடியது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்து முதலில் வந்தவர் ஆனால் ஐயாதான். என்னைப் பார்த்து, "ஆனால் உங்க அக்கா வீட்டுக்காரருக்குத்தான் கிடைச்சிருக்கு" என்றார். இதில் "ஆனால்" எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை, காலைத் தொட்டிருப்பேன். 'காரணம் தெரியவில்லை' என்று எழுதிய அந்த வரிதான் அவரைச் சாய்த்ததாம். "இத்தனை வருஷத்துல அப்படி ஒருத்தர் எழுதி நான் பார்த்ததில்லை" என்று உள்ளே சொன்னாராம்.

விழா செப்டம்பரில். அத்தான் நேரில் வந்து பதக்கத்தை ஏற்க வேண்டும். ஏற்புரை இருபது நிமிடம். இதில் மட்டும் சங்கம் இரும்பாக நிற்கும். முன்பு ஒருவர் வர முடியவில்லை என்று எழுதியதற்குப் பதக்கம் அடுத்தவருக்குப் போனது. அதனால் இப்போதே பயணத்துக்கு ஏற்பாடு செய்கிறேன். இருவருக்கும் கீழ்ப் படுக்கை. எங்கள் வீட்டில்தான் தங்க வேண்டும். என் வீட்டுக்காரி இப்போதே அறையை ஒழிக்கிறாள். நான் பத்து வருடமாகச் சேர்த்த செய்தித்தாள்கள் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன.

அத்தானிடம் சொன்னாயா? என்ன சொன்னார்? ஒரு வார்த்தை விடாமல் எழுது.

அன்புடன்,
தம்பி


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறதா? பதில் இல்லையே. கடிதம் தவறிவிட்டதோ என்று பதிவுத் தபாலில் இதை அனுப்புகிறேன்.

பதக்கத்தில் பெயர் பொறிக்கிற கடைக்காரர் அவசரப்படுத்துகிறார். அத்தானின் தலைப்பெழுத்து ஒன்றா இரண்டா? சென்ற ஆண்டு வரலாற்று அறிஞர் ஒருவர் பெயரில் ஒரு கால் விட்டுப்போய், அவர் மேடையிலேயே கண்ணாடியை மாட்டிக்கொண்டு எங்களைப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

அக்கா, ஏதாவது இருந்தால் எழுது. ஒன்றும் இல்லையென்றாலும் எழுது.

அன்புடன்,
தம்பி


ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் நன்றாக இருக்கிறேன். உன் அத்தான் நன்றாக இல்லை.

அவருக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறது. போய்விட்டது என்றே சொல்லலாம். எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாவியை எங்கே வைத்தோம் என்று எப்போதும் மறக்கிறவர்தானே. பிறகு ஒரு நாள் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது எதுக்கு?" என்று கேட்டார். மணி அடித்தால் பதறுகிறார் என்று போன் இணைப்பை நான்தான் துண்டிக்கச் சொன்னேன். பழுதில்லை. ஒரு மதியம் கண்ணயர்ந்துவிட்டேன், அவர் சந்தை வரைக்கும் நடந்துபோய்விட்டார். மாடி வீட்டுத் தையல்காரர் பார்த்து அழைத்துவந்தார். அன்றிலிருந்துதான் பூட்டு.

சம்மதக் கடிதத்தில் இருக்கும் கையெழுத்து அவருடையதே. சங்கத்திலிருந்து வந்திருக்கிறது என்றேன், போட்டார். அந்தப் பதிலை எழுதியவள் நான். கணக்குகளை அந்தக் காலத்திலிருந்து நான்தானே போட்டுக்கொடுத்தேன், அதனால் கை ஓடியது. இரண்டாவது கிணற்றைப் பற்றி அவரிடம் கேட்டுப்பார்த்தேன். பல விதமாகக் கேட்டேன். "எந்தக் கிணறு?" என்றார்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று நினைப்பாய். தெரிந்தால் நீ பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் பெயரை அடிக்க வேண்டும். தம்பியை அந்த இடத்தில் நிறுத்தக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. பெயரை அடித்துவிடுவார்களே என்ற பயம் மீதிப் பாதி.

மகள் வந்திருந்தாள். உன் மே மாதக் கடிதத்தைப் படித்துவிட்டு, "அப்பாவுக்கே தெரியப்போறதில்ல. யாருக்காகம்மா இது?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை, பாவம், என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்குத்தான்" என்றேன்.

அவருக்கும் எனக்கும் நாற்பது வருடம் ஊர் ஊராக, கிணறு கிணறாகப் போனது. 'அந்த மலையடிவாரத்துல பஸ் போயிடுச்சே, நடந்தே வந்தோமே' என்று இன்றைக்கு நான் சொன்னால், ஆமாம் என்று தலையாட்ட ஆள் இல்லை. அதெல்லாம் நடந்ததா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்துவிடுகிறது. யாராவது வெளியாள் எழுந்து நின்று 'நடந்தது' என்று ஒரு தடவை சொன்னால் போதும் என்று இருந்தது. வேறு ஆசை இல்லை.

பயணத்துக்கு ஏற்பாடு செய்யாதே. ஒத்திகை மாதிரி ரயில் நிலையம் வரை அவரைக் கூட்டிப்போனேன். வண்டிச் சத்தம் கேட்டதும் என் கையை உதறிவிட்டுச் சுவரோரம் போய்க் குந்திவிட்டார். அவரை எழுப்ப முடியவில்லை. நானும் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள்.

பெயரை அடித்துவிடு. எங்களுக்காக யாரிடமும் கெஞ்சாதே. தலைப்பெழுத்து ஒன்றுதான்.

அக்கா


ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று இனி வெறுமனே கேட்கமாட்டேன். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எழுது.

எனக்குத் தெரியும் அக்கா. சென்ற ஆண்டே தெரியும். அத்தான் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போன் செய்தார். "துணைச் செயலாளர் இருக்காரா?" என்றார். "நான்தான் பேசறேன் அத்தான்" என்றேன். "அத்தானா? நீங்க யாருங்க?" என்று கேட்டார். பின்னால் உன் குரல் கேட்டது, போன் வைக்கப்பட்டது. நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன். நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரே வயிற்றில் பிறந்துவிட்டு வேறு எப்படி இருப்போம்?

உன் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சில நாள் புரண்டேன். பிறகு குழுவின் முன்னால் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அத்தானால் வர முடியாது, நினைவில்லை, கேள்விக்குப் பதில் எழுதியது அக்கா. மூன்றும் சொன்னேன். கெஞ்சவில்லை.

தலைவர் நல்ல மனிதர்தான். வருத்தப்பட்டார். "விதின்னு ஒண்ணு இருக்கே, அடுத்தவருக்குப் போகட்டும்" என்றார். மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள்.

ஆனால் ஐயா தொண்டையைக் கனைத்தார். "ஆனால், விதியில 'நேரில் ஏற்க வேண்டும்'னுதான் இருக்கு. எந்த ஊர்ல, எந்த மண்டபத்துலன்னு இருக்கா? அவர் நேர்லதான் இருக்கார். நாமதான் அங்க இல்லை."

"அப்ப ஏற்புரை?"

"ஆனால் மனுஷன் எழுதினதெல்லாம் என்ன? அதுல ஒரு பக்கத்தை யாராவது படிக்கட்டும்."

"பதில் வேற ஒருத்தர் எழுதியிருக்காங்களே?"

"ஆனால் அது எனக்கு முன்னாடியே தெரியும். அவர் கட்டுரையில ஒரு காற்புள்ளி இருக்காது. இந்தப் பதில்ல எல்லாம் இடத்துல இருக்கு."

தலைவர் நாட்குறிப்பை எடுத்துத் தேதி பார்த்தார். செப்டம்பர் முதல் வாரம் அவர்கள் உன் வீட்டுக்கு வருகிறார்கள். தலைவரும் ஆனால் ஐயாவும் பரிந்துரைத்த மாணவிகளில் ஒருவரும். நானும் வருவேன்.

உனக்குச் சம்மதமா? இல்லையென்றால் இல்லை என்று எழுது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

தூங்கினேன். சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு.

வர வேண்டாம் என்று ஒரு கடிதம் எழுதினேன், கிழித்தேன். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? வரட்டும்.

ஆனால் சில விஷயங்களை அவர்களிடம் சொல்லிவிடு. (பார், அந்த மனிதரின் வியாதி எனக்கும் வந்துவிட்டது.) காலையில் வர வேண்டும். மாலையில் அவர் வேறு ஆள். "என்னை ஞாபகம் இருக்கா?" என்று யாரும் கேட்கக்கூடாது. கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்வார், பிறகு நாள் முழுவதும் யார் யார் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பார். படம் எடுக்க வேண்டாம். கை தட்ட வேண்டாம்.

முன்னறையில் கண்ணாடியைத் துணியால் மூடிவைத்திருக்கிறேன். அதில் தெரிகிற பெரியவருக்கு வழிவிட்டு நின்றுகொண்டே இருக்கிறார், அதற்காக. துணியை யாரும் விலக்கிப் பார்க்க வேண்டாம்.

நாற்காலிகள் போதாது. தையல்காரர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஏற்புரை ஒரு பக்கம் நான் எழுதிவைக்கிறேன்.

நீ வருகிறாய் என்பதால்தான் எனக்குத் தைரியம்.

அக்கா


ஆகஸ்ட் 25

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டாமல் படி. நாங்கள் நலம் என்று எழுத முடியாது. நான் வரமாட்டேன்.

மற்ற விருதுகளுக்கான விழா மண்டபத்தில் துணிப் பதாகை கட்ட ஆள் வரவில்லை. நாற்காலி மேல் ஏறினேன். அது சங்கத்தின் நிறுவனர் உட்கார்ந்த நாற்காலியாம். அவர் உட்கார்ந்தபோதே ஆடியிருக்கும். கணுக்கால் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுப் படுக்கவைத்திருக்கிறார்கள். விருது வாங்குகிறவர்களுக்கு மாலை, கொடுக்க ஏற்பாடு செய்கிறவனுக்கு மாவுக்கட்டு.

நீ சொன்னவற்றை எல்லாம் தலைவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஐயா அதை வாங்கிப் படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒரு "ஆனால்" கூடச் சொல்லவில்லை. அதனால் தைரியமாக இரு.

முடிந்ததும் எழுது. விட்டுவிட்டு எழுதாதே. எல்லாவற்றையும் எழுது.

தம்பி


செப்டம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கால் எப்படி இருக்கிறது? கட்டைப் பிரிக்கும்வரை ஊன்றாதே. ஆஸ்பத்திரியில் சொன்னதைக் கேள், உன் வீட்டுக்காரி சொல்வதை அதைவிட நன்றாகக் கேள்.

எல்லாவற்றையும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

அவர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். தலைவர் கோட்டுப் போட்டு வேர்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஐயா நான் நினைத்ததைவிடச் சிறிய மனிதர், வாசற்படியில் ஏற என் கையைப் பிடித்துக்கொண்டார். மாணவிக்கே தலை நரைத்துவிட்டது. அவள் இவரைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். நல்ல பெண்.

சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு இவரைத் தயாராக வைத்திருந்தேன். கோட்டையும் காகிதங்களையும் பார்த்ததும் இவர் நிமிர்ந்துவிட்டார். இதே சங்கத்துக்கு ஒரு காலத்தில் இவரும் நடுவராக இருந்தார், அதை நானே மறந்திருந்தேன். நேராகப் போய் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் வந்தாச்சா? ஆரம்பிக்கலாமா?" என்றார். என்னிடம் பென்சில் கேட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவர் எழுந்து பாராட்டுரையைப் படிக்கத் தொடங்கினார். முதல் வரியிலேயே இவருடைய பெயர் வந்தது. இவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பேர் சொல்லாதீங்க. பேர் தெரிஞ்சா நடுநிலை போயிடும். வேலையை மட்டும் சொல்லுங்க."

தலைவர் காகிதத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். "ஆனால் அவர் சொல்றது சரிதானே" என்று ஆனால் ஐயா காகிதத்தை வாங்கிக்கொண்டார். பெயர் வந்த இடத்தில் எல்லாம் 'இந்த ஆய்வாளர்' என்று மாற்றி நிதானமாகப் படித்தார். மழை மண்ணுக்குள் போவது, எந்த ஆண்டு பெய்தது என்று நீரைக் கேட்டே கண்டுபிடிப்பது, ஒரு கிணறு வற்றினால் அதை நிரப்பப் பேரன் காலம் ஆகும் என்று காட்டியது, அதை நம்பி ஊர்கள் இறைப்பதைக் குறைத்தது. எல்லாவற்றையும் படித்தார். இவர் கண்ணை மூடிக் கேட்டார். இடையில் ஓர் இடத்தில், "அதைத் திரும்பப் படிங்க" என்றார். படித்தார். இவர் "ம்" என்றார்.

தம்பி, அந்த வரிகளில் இருந்த ஒவ்வொரு ஊரும் எனக்குத் தெரியும். ஒரு வெளியாள் என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து அதையெல்லாம் சத்தமாகப் படித்தார். அழுவேன் என்று நினைத்திருந்தேன், அழவில்லை. சரியாகப் படிக்கிறாரா என்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் இவர் கண்ணைத் திறந்து பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "கொடுக்கலாம்" என்றார். "தாராளமாக் கொடுக்கலாம். ஏன் இவ்வளவு நாள் கொடுக்கல?"

தலைவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஆனா ஒண்ணு" என்றார் இவர். ஆனால் ஐயா நிமிர்ந்து பார்த்தார். "இது ஒத்தை ஆள் வேலை இல்லை. களத்துல அலையறவன் ராத்திரி உட்கார்ந்து இவ்வளவு கணக்கும் போட்டிருக்க முடியாது. கூட யாரோ இருந்திருக்காங்க. அவங்க யாருன்னு விசாரிச்சு, பேரை எழுதுங்க. எழுதாம கொடுத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே போய்விடலாமா என்று தோன்றியது. ஆனால் ஐயா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"உங்க முழுப் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

சொன்னேன். பாராட்டுரையின் ஓரத்திலே எழுதிக்கொண்டார். அது அச்சில் வருமா, ஓரத்திலேயே நின்றுவிடுமா என்று நான் கேட்கவில்லை. இவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்திட்டார். கோணல் இல்லாமல் விழுந்தது.

நான் எழுதிவைத்திருந்த பக்கத்தை எடுத்துவந்து, யார் படிப்பது என்று தலைவரிடம் கேட்டேன். அவர் பேசுவதற்குள், "ஆனால் ஏற்புரை ஆயிடுச்சே அம்மா" என்றார் ஆனால் ஐயா.

பதக்கத்தைத் தலைவர் இவர் கையில் கொடுத்தார். இவர் எடை பார்ப்பதுபோல் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "என்கிட்ட ஏன் தர்றீங்க? நான் நடுவர். அந்த ஆள்கிட்ட பத்திரமாச் சேர்த்துடுங்க" என்றார். அதனால் அது என்னிடம் வந்தது. மாணவி மட்டும் போகும்போது என் தோளில் கொஞ்ச நேரம் முகத்தை வைத்திருந்தாள்.

அவர்கள் போன பிறகு தையல்காரர் வந்து நாற்காலிகளை எடுத்துப்போனார். நான் டம்ளர்களைக் கழுவிவிட்டு வந்து பார்த்தேன், இவர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்தான், சில நாட்களாகவே உண்டு. உனக்கு எழுதவில்லை.

"எல்லாரும் போயிட்டாங்க. நீங்க போகலையா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"நீங்களும் சங்கத்துல இருந்துதானே வந்தீங்க?"

வழக்கமாக நான் யார் என்று சொல்வேன். கல்யாணத்திலிருந்து ஆரம்பிப்பேன், மகள் பெயரைச் சொல்வேன். அன்றைக்கு முடியவில்லை தம்பி. ஆமாம் என்றேன்.

அவர் எழுந்தார். மிச்சமிருந்த நாற்காலியை இழுத்து, தன் தோள் துண்டால் ஒரு தட்டுத் தட்டி, என் பக்கம் திருப்பிப் போட்டார்.

"ரொம்ப தூரத்துல இருந்து வந்திருப்பீங்க. பார்த்தாலே களைப்பாத் தெரியுது. உட்காருங்க."

"ஆமாங்க, களைப்பாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

அக்கா